ஓப்பாவை மாமாவாக்கியது

"ஓப்பான்னா அண்ணன்தானே சார்? எதுக்கு மாமான்னு போட்டிருக்கீங்க?"

மைக் முன்னால் நின்றபடி அந்தக் குரல் கலைஞர் கேட்டார். கொரியத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். தங்கை அண்ணனைக் கூப்பிடுவதும் 'ஓப்பா', காதலி காதலனைக் கூப்பிடுவதும் 'ஓப்பா'.

"அண்ணான்னு கூப்பிட்டுட்டு எப்படிம்மா காதலிக்கிறது?" என்றேன்.

"அப்போ ஏம்ப்பான்னே சொல்லிடலாமே சார். உதடும் ஒட்டுது."

சொல்லியும் காட்டினார். உண்மைதான். ஓப்பாவில் உதடு நடுவில் ஒருமுறைதான் மூடும், ஏம்ப்பாவிலும் அப்படியே. மாமாவில் எடுத்த எடுப்பிலேயே ஒருமுறை கூடுதலாக மூட வேண்டும். அத்தானில் ஒட்டவே ஒட்டாது, அதை முதலிலேயே கழித்திருந்தேன்.

ஆனாலும் நான் விடவில்லை. ஏம்ப்பா என்று ஆட்டோக்காரரைக்கூடக் கூப்பிடலாம், ஓப்பாவில் ஓர் உறவு இருக்கிறது என்றேன். (அந்த 'ப்பா'வும் உறவிலிருந்து வந்ததுதானே என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.) கொரியாவிலும் அப்பாவுக்கு 'அப்பா'தான், அம்மாவுக்கு 'ஒம்மா' என்று எல்லோரும் புல்லரித்துக்கொண்டிருந்த நேரம். உறவுமுறையும் நம்முடையது மாதிரியே இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன் போல.

தொடர் ஒளிபரப்பானபோது அம்மா கேட்டார்: "மாமான்னு கூப்பிடுறாளே, அத்தை மகன்தானே? அப்புறம் ஏன் பெரியவங்க இந்தக் குதி குதிக்கிறாங்க?"

பதில் வரவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். கொரியக் கணக்கில் அத்தை மகன் நாலாம் படி உறவு. எட்டாம் படி வரை இரத்த உறவில் திருமணத்துக்குச் சட்டமே தடை. ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீகமும் இருந்தால், முன்பின் தெரியாதவர்கள்கூட மணக்கக் கூடாது என்பது 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிடும்வரை சட்டப்படி அமலில் இருந்தது. நமக்குக் கட்டிக்கிற முறை, அங்கே கட்டவே கூடாத முறை. நான் தொடரில் வரும் அந்தப் பெண்ணை அந்த முறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்றும் தோன்றும். நாளைக்கு ஒரு எபிசோட் கொடுக்க வேண்டும். கையில் இருந்த ஆங்கில ஸ்கிரிப்ட்டில் அந்த இடத்தில் வெறும் பெயர்தான். மாமாவைக் கேட்டு யாரும் டிவியை அணைத்துவிடவில்லை.

ஆனால் அந்தக் கலைஞர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பேப்பரில் இருப்பதை அப்படியே பேசிவிட்டுப் போவார்.

போன வாரம் பழைய எபிசோட் ஒன்று யூடியூபில் கண்ணில் பட்டது. சத்தத்தை அடைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் வாயசைவுக்கு ஏம்ப்பா என்று சொல்லிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா என்றும் சொல்லிப் பார்த்தேன். அதுவும் மோசமில்லை.