மாத்திரைக்கு அடங்காத சுகர்

ஒல்லியான உடம்பு, மாத்திரை போட்டும் இறங்காத சுகர், காரணமே இல்லாமல் குறையும் எடை. இந்த மூன்றும் சேர்ந்து வந்து தவித்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு சுகர் என்று தெரிந்தபோது வயது முப்பத்தாறு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருக்கிறது, அதனால் வீட்டில் யாரும் பெரிதாக அதிரவில்லை. மெட்ஃபார்மின் கொடுத்தார்கள், அப்புறம் கிளிமிபிரைடு சேர்த்தார்கள். முதலில் நன்றாகவே இறங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. இரவுச் சோற்றை விட்டேன், பழத்தை விட்டேன், காலையும் மாலையும் நடந்தேன். வெறும் வயிற்றிலேயே 250-க்குக் கீழே வரவில்லை. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்ன சாப்பிடுறீங்க?" சொந்தக்காரர்களோ, "வாயைக் கட்டமாட்டேங்கிறான்" என்று முடிவே கட்டிவிட்டார்கள். பசியோடு படுத்த நாட்களில் அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது.

அப்புறம் பார்த்த சர்க்கரை நோய் நிபுணர், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் முன் குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்தது. உடனே இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினார்: ஜிஏடி ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கும் ஒரு எதிர்ப்புப் புரதம்), சி-பெப்டைடு (கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது). சாதாரண சுகர் டெஸ்டைவிடச் செலவு அதிகம், முடிவு வரவும் சில நாள் ஆனது. 10-க்குள் இருக்க வேண்டிய ஜிஏடி பல மடங்கு கூடியிருந்தது. ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டிய சி-பெப்டைடு 0.4. எனக்கு இருந்தது பெரும்பாலானவர்களுக்கு வரும் டைப் 2 சர்க்கரை நோய் இல்லை. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழிக்கும் டைப் 1-இல், பெரியவர்களுக்கு மெதுவாக வரும் வகை, சுருக்கமாக லாடா என்கிறார்கள்.

டாக்டர் ஒரு தாளில் கணையத்தை வரைந்து விளக்கினார். அதில் ஆங்காங்கே சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும் செல் கூட்டத்தில்தான் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இருக்கின்றன. கிருமியைத் தேடி அழிக்க வேண்டிய டி செல்கள், நம்முடைய பீட்டா செல்களையே அந்நியம் என்று நினைத்து அழிக்கின்றன. தைராய்டு கோளாறும் பல நேரம் இதே மாதிரித் தாக்குதலால் வருவதால்தான் முதலில் அதைக் கேட்டிருக்கிறார். ஜிஏடி என்பது பீட்டா செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். அதற்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் தாக்குதல் நடக்கிறது என்று அர்த்தம். ஆன்டிபாடி அடையாளம்தான், அழிப்பது பெரும்பாலும் டி செல்கள். குழந்தைகளுக்கு இது பொதுவாக வேகமாக நடந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு வருடக்கணக்கில் இழுக்கும். மிச்சம் இருக்கும் செல்கள் சுரப்பதால்தான் ஆரம்பத்தில் மாத்திரை வேலை செய்வதுபோலத் தெரிகிறது.

சி-பெப்டைடு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணையம் இன்சுலினை உருவாக்கும்போது ஒரு பெரிய புரதத்தை வெட்டுகிறது. அதில் இன்சுலினும் சி-பெப்டைடும் சம அளவில் வெளியே வரும். ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. அதனால் ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கும் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

"இனிப்பு தின்னதால வந்ததில்ல, சோறு தின்னதாலயும் இல்ல" என்று என் மனைவி எதிரிலேயே டாக்டர் சொன்னார். பரம்பரையாக வரும் சில ஜீன்களும், இன்னும் முழுதாகப் பிடிபடாத வெளிக் காரணங்களும் சேர்ந்து இதைக் கிளப்பிவிடுகின்றன. அந்த வார்த்தையைக் கேட்டபோது மனசிலிருந்த பாரம் சட்டென்று இறங்கியது.

கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு இன்சுலின் ஆரம்பித்தார்கள். இரவில் நாள் முழுக்க நிற்கும் ஊசி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் வேகமாக வேலை செய்யும் ஊசி. நர்ஸ் அக்கா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் பென்னில் போடும் மருந்துக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், மில்லிக்கு 100 யூனிட். கார்ட்ரிட்ஜில் இருப்பதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். தொப்புளை விட்டு இரண்டு விரல் தள்ளிக் குத்தி, பத்து எண்ணிய பிறகே ஊசியை எடுக்க வேண்டும். தினமும் இடத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அங்கே தோல் தடித்து மருந்து சரியாக ஏறாது.

சுகர் 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். அதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருக்கிறேன். 15 கிராம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மகளுக்கும் வருமா என்பதுதான் மனைவியின் முதல் கேள்வி. மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்றார் டாக்டர். நோய் வெளியே தெரியும் முன்பே ஆன்டிபாடியை வைத்துக் கண்டுபிடித்தால், அதைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

ஊசியை நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லும் ஆட்களை இப்போதும் சந்திக்கிறேன். டைப் 1-இல் இன்சுலினை நிறுத்தினால், கொழுப்பு எரிவதால் உருவாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. சுகரோடு கீட்டோனையும் பார்த்துவிட்டு, அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி நிற்காமல் மூச்சு வாங்கினால் வீட்டில் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.