காட்டு நடைக்கு ஒரு .22 கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது?

ஐடஹோ மாநிலத்தின் மலைக்காடுகளில் நடப்பவர்கள், கூடாரம் அடித்துத் தங்குபவர்கள், சிறு வேட்டைக்கு உரிமம் வைத்திருப்பவர்கள் ஆகியோரின் இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ .22 லாங் ரைபிள் தோட்டா போடும் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்று இருப்பது இங்கே யாரையும் வியக்க வைக்காது. பாய்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வேலைக்காகக் குடியேறி, வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்துவிட்ட தமிழ் நண்பர்கள் சிலர், அப்படி ஒன்றை வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடையில் முதலில் பார்ப்பது எடையை. என் கருத்தில் எடை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பார்க்க வேண்டிய விஷயம். இந்தத் தோட்டாவுக்கு வலிமை குறைவு. அது வேலை செய்வதெல்லாம் சரியான இடத்தில் படும்போதுதான். ஆகவே உங்கள் கையில் எது நன்றாகக் குறி பிடிக்கிறதோ, எது சிக்காமல் ஓடுகிறதோ, அதுவே உங்களுக்கு உரிய துப்பாக்கி.

எதற்கு இது உதவாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கரடிக்கு இது பாதுகாப்பு அல்ல. ஐடஹோ காடுகளெங்கும் கருங்கரடி உண்டு. வடக்கு முனையிலும் யெல்லோஸ்டோனை ஒட்டிய பகுதியிலும் கிரிஸ்லி கரடியும் உண்டு. அங்கே போகிறவர் கை எட்டும் இடத்தில் கரடி ஸ்பிரே வைத்திருப்பதே முறை. மானைச் சுடவும் இது ஆகாது; சட்டமும் அதற்கு இடம் தராது. உரிமத்தோடும் பருவத்தோடும் முயல், அணில் முதலிய சிறு வேட்டை, காட்டுக்கோழி இனமான க்ரௌஸ், முகாமுக்கு அருகே பாதுகாப்பான மண்மேட்டில் குறி பார்த்துப் பழகுவது ஆகியவையே இதன் களம். மலைக்காட்டு க்ரௌஸ் பறவையைக் கைத்துப்பாக்கியால் சுட ஐடஹோ அனுமதிக்கிறது. அது பெரும்பாலும் பறந்து ஓடாமல் ஃபிர் மரக் கிளையில் ஏறி நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். இறைச்சி கெடாமல் இருக்கத் தலையில்தான் சுட வேண்டும். அந்தத் தலையோ ஒரு சிறிய எலுமிச்சம்பழ அளவுதான். பத்துப் பதினைந்து மீட்டரில் அந்த அளவுக்குள் ஒவ்வொரு முறையும் குண்டை வைக்க முடியாதவர், அந்தப் பறவையைச் சுடாமல் விடுவதே நியாயம்.

சட்டத்தைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 எண்ணுள்ள படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சரிபார்ப்புக்கும் உட்பட வேண்டும். 1975 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகு பிறந்தவர் ஐடஹோவில் வேட்டை உரிமம் பெற வேண்டுமானால் வேட்டைப் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும். விசாவில் இருப்பவர் நண்பரின் பேச்சை நம்பிக் கடைக்குப் போகாமல், இந்தத் துறை அறிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதே நல்லது; இதில் ஏற்படும் தவறு குடியேற்ற நிலையையே பாதிக்கக்கூடியது.

.22 லாங் ரைபிள் 1887 முதல் புழக்கத்தில் இருக்கும் தோட்டா. வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம். ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி இருநூறு கிராமைக்கூட எட்டாது என்பதால் முதுகுப்பையில் அது ஒரு சுமையாகவே தெரியாது. பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால் புதிதாகப் பழகுபவர் கண் சிமிட்டாமல் விசையை இழுக்கக் கற்றுக்கொள்ள முடிகிறது. இதன் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. விளிம்பின் ஓரிடத்தில் மருந்து சரியாகப் பரவாமல் போனால், தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுட்டிமுள் அந்த இடத்தில் அடிக்கும்போது தோட்டா வெடிக்காது. பெரிய தோட்டாக்களைவிட இதில் வெடிக்காதவை அதிகம் அகப்படுவதற்கு இதுவே காரணம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடியே முப்பது விநாடி பொறுத்திருந்து, பிறகு தோட்டாவை வெளியேற்றுவது எல்லாருக்கும் பழக்கமாக வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் நீண்ட குழல் கொண்ட ரைபிளில் அளந்தது. ஐடஹோவின் லூயிஸ்டனில் இயங்கும் சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக் 40 கிரெய்ன் தோட்டாவுக்கு விநாடிக்கு 1235 அடி என்று குறித்திருப்பார்கள். நாலரை அங்குலக் கைத்துப்பாக்கிக் குழலில் அது ஆயிரம் அடியை ஒட்டி இறங்கிவிடும். எனவே கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுக்கும்போது அட்டையில் உள்ள வேகத்தின் பின்னால் ஓட வேண்டியதில்லை. உங்கள் துப்பாக்கி எதைத் தடங்கலின்றி உண்கிறது, எதைக் கூட்டமாக ஓரிடத்தில் இடுகிறது என்பதே கேள்வி. சத்தம் குறையவென்று விநாடிக்கு 710 அடியில் செல்லும் தோட்டாக்கள் விற்கிறார்கள். அவற்றின் உந்துதல் அரைத்தானியங்கிப் பொறியைப் பின்னுக்குத் தள்ளப் பெரும்பாலும் போதாது. பாம்புக்கென விற்கும் சிறு ரவைத் தோட்டாவும் அப்படித்தான்; ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டியிருக்கும்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். கடை மேசையில் பார்க்கும் .22 அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் அனைத்தையும் பொறியமைப்பைக் கொண்டு இரண்டு குடும்பங்களாகப் பிரித்துவிடலாம். ஒரு குடும்பத்தில், சுடும்போது மேற்பகுதி முழுவதும் ஸ்லைடாகப் பின்னே சென்று திரும்புகிறது. ரூகர் எஸ்ஆர்22, டாரஸ் டிஎக்ஸ்22 ஆகியவை இந்த வகை. மற்றொரு குடும்பத்தில் குழலும் உடலும் அசையாமல் நிற்க, உள்ளே தோட்டாவை முன்னே தள்ளும் போல்ட் என்ற உலோகத் துண்டு மட்டும் முன்பின்னாக ஓடுகிறது. ரூகர் மார்க் வரிசை, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி ஆகியவை இந்த வகை. இரண்டாவது குடும்பத்தில் முன்குறியும் பின்குறியும் அசையாத பகுதியில் அமர்ந்திருப்பதால், குழலுக்கும் குறிக்கும் உள்ள உறவு ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்னும் மாறாமல் இருக்கிறது. குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி பொருத்தினாலும் அது ஸ்லைடோடு சேர்ந்து குலுங்குவதில்லை. சிறு இலக்கைச் சுட விரும்புபவருக்கு நான் இந்தக் குடும்பத்தையே பரிந்துரைப்பேன்.

மார்க் வரிசையின் கதை அந்த நிறுவனத்தின் கதையும்கூட. வில்லியம் ரூகரும் அலெக்ஸாண்டர் ஸ்டர்மும் 1949இல் கனெக்டிகட்டின் சவுத்போர்ட்டில் தொடங்கிய தொழிலின் முதல் பொருளே ஒரு .22 கைத்துப்பாக்கிதான், அப்போது விலை 37.50 டாலர். அதே அடிப்படை அமைப்பு 1982இல் மார்க் II ஆகவும், பின்னர் மார்க் III ஆகவும், 2016இல் மார்க் IV ஆகவும் திருந்தி வந்திருக்கிறது. மார்க் IVக்கு முந்தையவற்றைச் சுத்தம் செய்யக் கழற்றுவது எளிது, திரும்பப் பூட்டுவதுதான் பாடு. சுத்தியல் சரியான நிலையில் இல்லாவிட்டால் பின்பிடியில் உள்ள சுருள்வில் தன் இடத்தில் உட்காராது. துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்து, விசையை இழுத்து, மீண்டும் நிமிர்த்தி என்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்தாக வேண்டும். மார்க் IVஇல் பின்புறம் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் மேற்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து தனியே வந்துவிடும், போல்ட் கையில் உருவி வரும். .22 தோட்டாவின் ஈயக் குண்டு மெழுகு பூசியது, அதன் வெடிமருந்துக் கரியும் மிகுதி. மழையிலும் தூசியிலும் திரிந்துவிட்டு வருபவர், கூடாரத்துக்குள் தலைவிளக்கு வெளிச்சத்தில், கருவி எதுவும் இல்லாமல் திறந்து துடைக்க முடிகிறது என்பது, வெளிக்களத்துக்கு வாங்குகிறவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவே முடியாது.

மார்க் IVஐப் பழையதாக வாங்குபவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பாதுகாப்பு நெம்புகோல் இரு நிலைகளுக்கும் இடையில் நிற்கும்போது விசையை இழுத்துவிட்டு, பிறகு அதைச் சுடும் நிலைக்குத் தள்ளினால் துப்பாக்கி வெடிக்க வாய்ப்புண்டு என்று கண்டறிந்து, 2017 ஜூனில் நிறுவனமே அவற்றைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. வரிசை எண் 401 என்றோ டபிள்யூபிஆர் என்றோ தொடங்கினால், திருத்தம் நடந்ததா என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பக் மார்க் 1985 முதல் வருகிறது. இதன் விசை, கடையிலிருந்து எடுத்த நிலையிலேயே, இந்த விலையில் கிடைப்பவற்றுள் மிகத் தூய்மையாக விடுபடுகிறது என்று பலரும் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போல்டை வெளியே எடுக்க, பின்குறி அமர்ந்துள்ள மேல்தகட்டின் திருகுகளைக் கழற்ற வேண்டும். அந்தத் திருகுகள் தளர்ந்தால் குறியும் நகர்ந்துவிடும் என்பதால், அறுகோணச் சாவி ஒன்றைப் பையில் வைத்தே திரிய வேண்டும். 2016இல் வந்த விக்டரி துருப்பிடிக்காத எஃகில் ஐந்தரை அங்குலக் குழலோடு ஒரு கிலோவை ஒட்டி நிற்பது. ஒரே திருகில் பிரிந்துவிடும். சுடுகளத்துக்கு அது அருமையான துப்பாக்கி, நாள் முழுவதும் மலை ஏறுவதற்குச் சற்றுக் கனம்.

எடைதான் எல்லாவற்றுக்கும் மேல் என்பவர்களுக்கு எஸ்ஆர்22உம் டிஎக்ஸ்22உம் இருக்கின்றன. இரண்டும் ஐந்நூறு கிராமை ஒட்டியவை. டிஎக்ஸ்22 பதினாறு தோட்டா கொள்ளும். எஸ்ஆர்22இன் குழல் மூன்றரை அங்குலமே. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் குறையக் குறைய, கையின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிதாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். முதல் சுடுதலுக்கு விசை நீளமாகவும் கனமாகவும் வரும் அமைப்பும் அதில் உண்டு. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் அது குறையும்.

என் தேர்வு மார்க் IV 22/45 லைட். 4.4 அங்குலக் குழல், அலுமினிய மேற்பகுதி, ஏறத்தாழ 700 கிராம் எடை, திருத்திக்கொள்ளக்கூடிய பின்குறி. குறி பிடிக்கப் போதுமான கனமும் இருக்கிறது, முதுகுப்பையின் இடுப்புப் பட்டையோடு மோதாமல் மார்பு உறையில் அமரும் அளவுக்கு இலகுவாகவும் இருக்கிறது. மேகசின் உள்ளே இல்லாவிட்டால் இது வெடிக்காது. ஆகவே காட்டில் மேகசினைத் தொலைத்தவருக்குத் துப்பாக்கியும் இல்லை என்றே பொருள். இரண்டாவது மேகசின் ஒன்று பையில் இருப்பது அவசியம்.

மேகசினில் தோட்டா ஏற்றுவதையும் பொறுமையாகச் செய்ய வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களை மளமளவென்று உள்ளே போட்டால், மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். போல்ட் அதை முன்னே தள்ளும்போது கீழ்த்தோட்டாவும் சேர்ந்து இழுபட்டு, இரண்டும் வழியில் நின்றுவிடும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதன் கன அளவுக்கு மட்டும் பொத்தானை இறக்கி, விளிம்பு முன்னதற்கு முன்னால் அமர்ந்ததைப் பார்த்து ஏற்றினால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. கையில் பிசுபிசுக்கும் மெழுகில் மணல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். செம்பு முலாம் பூசிய குண்டில் இந்தப் பிசுபிசுப்புக் குறைவு.

தேசியக் காடுகளில் வீடு, கட்டடம், முகாம், மக்கள் தங்கியிருக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்காகவும் சுடக் கூடாது. தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரியிலிருந்து மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றாலும், சுடுவது வேறு விஷயம், அது அநேகமாக எங்கும் தடை. இந்தச் சிறு குண்டு ஒரு மைலையும் தாண்டிப் பறக்கக்கூடியது. பாறையிலும் தண்ணீரிலும் பட்டால் எதிர்பாராத திசையில் தெறிக்கும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையில் விரல் வைக்கவே வேண்டாம். சிறிய தோட்டாதானே என்று காதுக்காப்பு இல்லாமல் சுடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குட்டைக் குழலில் இதன் ஒலி 140 டெசிபலைத் தாண்டும். போன செவித்திறன் திரும்புவதில்லை. சுட்டு முடித்ததும் ஈயம் படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்; குழந்தைகளோடு முகாமிடுபவர்கள் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

புதியது வாங்கப் பணம் போதாதவர்கள் பழைய மார்க் II ஒன்றைத் தேடலாம். கழற்றிப் பூட்டும் தொல்லையைத் தவிர அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாங்கும் முன் விற்பவரின் அனுமதியோடு துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, போல்டைப் பின்னே நிறுத்தி, சிறு விளக்கொளியில் தோட்டா நுழையும் அறையின் வாயைப் பாருங்கள். போல்டுக்குள் சுட்டிமுள்ளைத் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு ஊசி உண்டு. சுத்தம் செய்தபோது அதைத் திரும்பப் போடாமல் விட்டு, வெறுமனே விசையை இழுத்துப் பழகியிருந்தால், முள் அறையின் விளிம்பிலேயே அடித்து அங்கே ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருக்கும். அந்தப் பள்ளம் இருந்தால் தோட்டா உள்ளே போகவும் வெளியே வரவும் சிக்கும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அதைச் சரிசெய்ய வாங்கும் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள், அல்லது வேறொன்றைப் பாருங்கள்.