கட்டுபடியாகுமா தம்பி?

இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் தெருமுனை மெஸ்ஸின் பின்வாசலுக்கு ஒருவர் மொபெட்டில் வருவார். முன்னால் ஒரு பெயிண்ட் வாளி, பின்னால் ஒரு இருபது லிட்டர் கேன். காலையில் பூரிக்கும் வடைக்கும் ஊற்றி, சாயந்திரம் சில்லி சிக்கன் வரைக்கும் ஓடி, கடைசியில் கருத்துத் தடித்துப்போன எண்ணெயை மெஸ்காரர் அந்தக் கேனில் சாய்ப்பார். மொபெட்காரர் கொடுக்கும் காசை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நான் இதைப் பல மாதம் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. ஒரு நாள் மெஸ்காரரைக் கேட்டேன். "பைபாஸ்ல தள்ளுவண்டி போடறவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறாருங் தம்பி, அவங்களும் பொழைக்கணுமில்ல" என்றார். அந்தத் தள்ளுவண்டியில்தான் என் பையன் ட்யூஷன் முடிந்து வரும்போது காலிஃபிளவர் சில்லி வாங்கித் தின்கிறான்.

நான் கணக்கு எழுதுபவன். ஈரோட்டில் இருபது முப்பது சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி, வரி, கரண்ட் பில், வாடகை ரசீது எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். சுற்றுச்சூழல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கடை எவ்வளவு வீணாக்குகிறது என்பது அந்தக் கடைக்காரரைவிட எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் பில் என்னிடம்தான் வருகிறது. இரண்டு வருடமாக அதை வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாக ஏதாவது செய்து பார்க்கிறேன். சிலது நடந்தது, சிலது ஊத்திக்கொண்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை சிறு தொழில்களுக்கான பயிலரங்கம் ஒன்றுக்குப் போனேன். ஏசி மண்டபம், நாற்காலிக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், திரையில் பச்சை இலை. பேசியவர் சொன்னதில் தப்பே இல்லை, எல்லாம் சரிதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முறுக்குக் கம்பெனிக்காரர் மட்டும் கடைசி வரை ஒரே கேள்வியை என்னிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்: "இது கட்டுபடியாகுமா தம்பி?" மேடையில் இருந்தவர்கள் அதைத் தவிர மீதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள்.

சரி, கட்டுபடி என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது ஃபேன்தான். மெஸ்ஸில் ஆறு ஃபேன், எல்லாம் பழசு, ஒவ்வொன்றும் 75 வாட்ஸ் இழுப்பது. இப்போது வருகிற பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்ஸ் பக்கம்தான் இழுக்கும். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடினால் ஆறு ஃபேனுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 3.8 யூனிட் மிச்சம். கடைக்கான கரண்ட் யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் மாதம் ரூ.1,100 சொச்சம். ஒரு ஃபேன் மூவாயிரம் என்றால் போட்ட காசு பதினாறு மாதத்தில் திரும்பிவிடும். இதைத் தாளில் அழகாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மெஸ்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எனக்கு அக்ரிமென்ட் எத்தனை மாசம், அதைச் சொல்லுங்க" என்றார். பதினொன்று. எழுதிக் கொடுத்ததே நான்தான்.

பதினாறு மாதத்தில் லாபம் வரும் என்பது கடை சொந்தமாக இருப்பவனுக்கு. வாடகைக் கடைக்காரருக்குப் பதினோரு மாதத்துக்கு அப்பால் எதுவும் கிடையாது. சோலார், நல்ல சிம்னி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதே கதைதான், சுவரில் பதித்தது அத்தனையும் கட்டடக்காரருக்கு. பிறகு யோசித்தால் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை! அடுத்த மாதம் அதைச் சொன்னேன். "அப்போ இதுல ஒண்ணு எரியட்டும், பார்க்கலாம்" என்றார். நல்லா ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுவது அவர் வளர்ப்பிலேயே இல்லை, அதை நான் மாற்றவும் போவதில்லை. எரிந்தால் மோட்டாருக்கு மறுபடி கம்பி சுற்றப் போகாமல் புதிதாக வாங்குவது என்று ஒப்பந்தம்.

அடுப்பு விஷயம் இதைவிடச் சுலபமாக நடந்தது, அதில் என் பங்கு ஒன்றுமில்லை. மூன்று மாதமாக 19 கிலோ சிலிண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்வது பில்லில் தெரிந்தது. வியாபாரம் கூடவில்லை. யாரோ சிலிண்டரை வெளியே விற்கிறார்கள் என்று மெஸ்காரருக்குச் சந்தேகம், மாஸ்டர் மேலேயே பார்வை போய்விட்டது. பாத்திரம் துலக்கும் அக்காதான் வந்து, கொஞ்ச நாளாக எல்லாப் பாத்திரத்துக்கும் அடியில் கரி ஏறுகிறது, தேய்த்துக் கை போகிறது என்று சத்தம் போட்டார். சுடர் நீலமாக எரிந்தால் கரி பிடிக்காது. மஞ்சளாக எரிகிறது என்றால் காற்று சரியாகச் சேரவில்லை, பர்னரில் ஏதோ அடைத்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் குழம்பு பொங்கிப் பொங்கி ஓட்டைகளில் பாதி மூடியிருந்தது. ஊறவைத்து, கம்பியால் குத்தி, மாட்டினார்கள். சிலிண்டர் பழைய கணக்குக்கு வந்தது. இப்போது வாரம் ஒருமுறை பர்னரைக் கழற்றுகிறார்கள், அந்த அக்காவின் மேற்பார்வையில். மாஸ்டர் மேல் வந்த சந்தேகமும் போனது, அதுதான் பெரிய மிச்சம்.

என் யோசனை ஒன்று படுதோல்வி. எதிர்ச் சாரி டீக்கடையில் பேப்பர் கப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடி கிளாஸுக்கே திரும்பச் சொன்னேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் உண்டு, ஆனால் எந்தக் கடையில் இல்லை சொல்லுங்கள். முன்பெல்லாம் கிளாஸ்தானே என்று நான் பேசினேன். அந்த முன்பெல்லாம் காலத்தில் கடைக்குக் குழாய்த் தண்ணீர் இருந்தது, கழுவ ஒரு ஆள் இருந்தான். இப்போது அவர் தண்ணீரே விலைக்கு வாங்குகிறார். கழுவிய கிளாஸில் உப்புத் திட்டு வேறு. பத்து நாளில் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள், அவர் பழையபடி கப்புக்குப் போய்விட்டார். கடைசியில் நின்றது ஒன்றுதான். சுற்றியுள்ள ஆபீஸ்களுக்குப் போகும் டீ மட்டும் அந்தந்த ஆபீஸ் ஃபிளாஸ்க்கிலேயே போகிறது, அவரவர் டம்ளரில் அவரவர் ஊற்றிக் குடிக்கிறார்கள். கழுவும் வேலை கடையிலிருந்து ஆபீஸுக்கு இடம் மாறியது, அதனால்தான் நின்றது.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் ஒரு அளவு வைத்திருக்கிறது. பொரித்த எண்ணெயில் போலார் காம்பவுண்ட் என்கிற கெட்ட சேர்மங்கள் மொத்தம் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதில் மறுபடி சமைக்கக் கூடாது. அதே வருடம் ரூகோ என்று ஒரு திட்டமும் வந்தது, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்குவது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் பதிவேடு வைக்க வேண்டும், எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். பெரிய ஓட்டல்களும் சிப்ஸ் கம்பெனிகளும் கொடுக்கின்றன. எங்கள் மெஸ் நாளைக்கு ஆறேழு லிட்டர். போன் செய்தால் சேகரிப்பாளர் மரியாதையாகப் பேசுவார், வண்டி வராது. அஞ்சு லிட்டருக்கு வண்டி அனுப்பினால் அவருக்கும்தான் கட்டாது. மொபெட்காரர் தினமும் வருகிறார், கையில் காசு தருகிறார். இதில் மெஸ்காரரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தெருவில் பொரிக்கும் கடைகள் மொத்தம் ஐந்து. ஒரு மெஸ், இரண்டு பேக்கரி, ஒரு பலகாரக் கடை, ஒரு பரோட்டாக் கடை. ஐந்தையும் சேர்த்தால் வாரத்தில் ஒரு பெரிய கேன் தாராளமாக நிறையும். அதற்கு வண்டி வரும். இதைச் சேர்த்து வைப்பதற்குள் நான் பட்ட பாடு! பலகாரக் கடைக்காரரும் பரோட்டாக் கடைக்காரரும் ஏதோ பழைய தகராறில் பேசிக்கொள்வதில்லை. பேக்கரிக்காரருக்கு, யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று யார் பார்ப்பது என்ற கவலை. கேன் எங்கே வைப்பது என்பதில் மட்டும் ஒரு மாதம் போனது. எலி வரும், கரப்பான் வரும், வழுக்கும். கடைசியில் என் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே வைத்தோம், ஆளுக்கொரு அளவுக் குவளை, நோட்டில் கையெழுத்து. பணம் மாதம் ஒருமுறை. மொபெட்காரர் கொடுத்ததைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் ரசீது உண்டு, ஆய்வுக்கு அதிகாரி வந்தால் காட்டலாம். மூன்று கடைகள் அதற்காகவே வந்தன. மெஸ்காரர் ரசீதுக்காக வரவில்லை. என் பையன் கதையைச் சொன்னதற்குப் பிறகு வந்தார்.

பரோட்டாக் கடை இன்னும் பாதி எண்ணெயை மொபெட்டில்தான் அனுப்புகிறது. தெரியும். கேட்கவில்லை.

சின்னவர்கள் தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வது என்பது எனக்குப் புதிதாகத் தோன்றிய ஞானம் இல்லை. என் மாமா திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தார். துணிக்குச் சாயம் ஏற்றும் விஞ்ச் இயந்திரம் நாலு, அடுத்தவர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடும் ஜாப் ஒர்க் மட்டும். அன்றைக்கு எந்தக் கலர் ஓடுகிறதோ அந்தக் கலரில் கால்வாயும் ஓடும். அது நொய்யல் ஆற்றில் போய், பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளுக்குக் கிணறும் போனது, நிலமும் போனது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்று 2006-ல் உத்தரவு வந்தது. சரியாக நிறைவேறாமல் இழுத்துக்கொண்டே போய், 2011 ஜனவரி கடைசியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லிவிட்டார்கள். விவசாயிகள் பக்கம்தான் நியாயம், மாமாவும் அதை மறுத்ததில்லை. "நாங்க செஞ்சது தப்புதான், ஆனா சரியா செய்யறதுக்கு எங்கிட்ட ஏது காசு" என்பார். சவ்வு வைத்து வடிகட்டி, மிச்ச உப்புநீரை ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்கும் அந்த இயந்திரங்கள் நாலு விஞ்ச் வைத்திருப்பவரின் கனவிலும் வராது. பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். அந்தத் தண்ணீரில் 90 சதவிகிதத்துக்கு மேல் திரும்பவும் சாயத்துக்கே போகிறது என்று இன்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மாமா பங்கு வாங்கியிருக்கவில்லை. விஞ்சை எடைக்குப் போட்டார்.

மாமாவிடம் பங்குக்குக் காசு ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வர வேண்டிய பணம் வந்ததில்லை. துணி கொடுத்தவர் மூன்று மாதம், நாலு மாதம் கழித்துத்தான் தருவார். சாயத்துக்கும் விறகுக்கும் இவர் ரொக்கம் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் என்னிடம் வரும் பட்டறைக் கணக்குகளில் அதே வியாதிதான். 2006-ல் வந்த சிறு தொழில் சட்டம், குறு, சிறு நிறுவனத்துக்கான பணத்தை 45 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது, தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. காகிதத்தில் பயங்கரமான சட்டம். ஆர்டர் கொடுக்கும் ஒரே பையரை நம்பிப் பிழைப்பவன் அவர்மேல் வட்டி கேட்டு மனுப் போடுவானா? 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வைத்தார்கள். கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, என்றைக்குக் கொடுக்கிறாரோ அந்த வருடச் செலவுதான். அந்தக் கணக்கு ஆண்டு முடிகிற மார்ச்சில் என் கிளையன்ட்கள் சிலருக்கு வருடக்கணக்கில் நின்ற பணம் வந்து விழுந்தது. ஒருவருக்கு மட்டும் பையரிடமிருந்து போன், சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்திருந்த உத்யம் பதிவை ரத்து செய்தால் தொடர்ந்து ஆர்டர் தருவதாக. பேர் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் பசுமை, பொறுப்பு, சமூகம் என்று தனிப் பக்கமே இருக்கிறது, இலைப் படத்தோடு.

சின்னத் தொழிலுக்கு உதவ ஆசைப்பட்டு என்னிடம் வழி கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள், ஐடியில் இருப்பவர்கள், நல்ல மனசு. சான்றிதழ் வாங்கித் தரலாமா, ஆப் செய்து தரலாமா என்பார்கள். செய்யுங்கள். அதற்கு முன்னால் உங்கள் கம்பெனி கேன்டீன்காரருக்கும் பிரிண்டிங் பிரஸ்காரருக்கும் எத்தனை நாளில் பணம் போகிறது என்று அக்கவுன்ட்ஸில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். இதுவரை ஒருவர்தான் கேட்டுவிட்டு வந்து சொன்னார். தொண்ணூறு நாளாம்.

நேற்று மெஸ்காரர் போன் செய்தார். மூன்றாவது ஃபேன் புகைந்துவிட்டது. "அந்தக் கரண்டு கம்மியா இழுக்கற ஃபேன், ரிமோட்டோட வருமே, அது ரெண்டாச் சொல்லிருங்க. ஒண்ணு வூட்டுக்கு."