பாம்பன் கரையின் மரப்படகு: வங்கும் கலப்பத்தும்

ராமேஸ்வரம் தீவில் படகுக்கு ஆகிற மரம் விளைவதில்லை. மணலும் பவளப்பாறையும் போக மிச்சம் பனை, தென்னை, உடைமரம், இப்போது எங்கும் சீமைக்கருவேலம். ஆனாலும் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் கரைகளில் மரப்படகு கட்டினார்கள். புதிதாகக் கட்டுவது இன்று குறைவு. பழையதைப் பிரித்துச் செப்பனிடும் வேலைதான் அதிகம். 1914இல் பாம்பன் பாலம் வரும்வரை தடிமரமும் கடல் தாண்டித்தான் தீவுக்கு வர வேண்டியிருந்தது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால், நல்ல ஓடாவி, அதாவது படகு ஆசாரி, ஒரு முழத் துண்டைக்கூடத் தூக்கி எறியாதது கஞ்சத்தனமாகத் தெரியாது.

தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. வடகடலில் 15 மீட்டருக்கு மேல் ஆழம் கிடைப்பதே அரிது. வாடைக்காற்று காலத்தில் அங்கே அலை உயரமாக எழாது, ஆனால் அடுத்தடுத்து நெருக்கமாக வந்து முகத்தில் அறையும். தென்கடலில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று காலத்தில் நீண்ட அலை புரண்டு வரும். கரையோரம் பாறை வேறு. ஒரு பக்கம் கொந்தளித்தால் படகை மறுபக்கம் கொண்டுபோய்த் தொழில் பார்ப்பது இங்கே பழைய வழக்கம். அதனால் இந்தத் தீவின் படகு இரண்டு கடலுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அடி ரொம்பத் தட்டையாக இருந்தால் தென்கடலில் உருளும், ரொம்ப ஆழமாக இருந்தால் வடகடலில் தரை தட்டும்.

வடகடலுக்கென்றே பிறந்தது வத்தை. நீளமான, தட்டையடிப் படகு. பெரிய வத்தைக்கு மூன்று பாய்மரம். குறுக்கே வெளியே நீளும் ஒரு பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து, காற்று சாய்க்கும் பக்கத்துக்கு எதிராகத் தங்கள் எடையைக் கொடுப்பார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது இந்தப் பலகையைத் தனியாகக் குறித்திருக்கிறார். எஞ்சின் வந்ததும் பாயும் பலகையும் பெரும்பாலும் போயின. வள்ளம் என்னும் சிறு மரப்படகு எஞ்சினை ஏற்றிக்கொண்டு நாட்டுப்படகு என்ற பேரில் தங்கிவிட்டது.

இனி மரம். பலகைக்கு அயினி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கேரளப் பக்கத்திலிருந்து வரும். நீரில் ஊறினாலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. விலை கட்டாதபோது வாகை, வேம்பு. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே நீருக்குள் போக வேண்டும். வெளிப்புற வெளுப்பை விட்டு அறுத்தால் பலகை அகலம் குறைகிறதே என்று வெளுப்போடு சேர்த்து அறுப்பவர்கள் உண்டு. கடற்புழு முதலில் போய் உட்காருவது அந்த வெளுப்பில்தான்.

வங்குக்கு நாட்டுக்கருவேல். வங்கு என்பது படகின் விலா எலும்பு. நேர் மரத்தை வளைவாக அறுத்து வங்கு செய்தால், வளைவின் நடுவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். முதல் பெரிய அடியில் அங்கேதான் பிளக்கும். எனவே வளைந்தே வளர்ந்த மரம் தேவை. கிளை பிரியும் இடத்தில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடியிருக்கும். ராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளில் நிற்கும் கோணல் கருவேலங்கள் வேறு எந்த ஆசாரிக்கும் உதவாதவை, படகு ஆசாரிக்கு அவைதான் பொன். வளைவுக்கு ஏற்ப வளைத்த கம்பியையோ ஒட்டுப்பலகை அச்சையோ கையில் வைத்துக்கொண்டு கிளை கிளையாக ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு படகுக்கு வேண்டிய வங்கு அத்தனையும் ஒரே இடத்தில் அமையாது. மாலத்தீவிலும் இதே கதைதான். அங்கே தோணிக்குப் பலகை வயதான தென்னையின் கெட்டியான வெளிப்பகுதி. ஆனால் வளைவான துண்டுகளுக்குத் தென்னை ஆகாது, பூவரசையும் புன்னையையும் தேடிப் போனார்கள்.

28 அடி வள்ளம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் நீளத்தில் நாலில் ஒரு பங்கு, ஏழு அடி. பலகைக் கனம் 8 முதல் 10 நூல், அதாவது ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம். முதலில் படகின் முதுகெலும்பான ஏராவைக் கட்டைகளின் மேல் கிடத்தி மட்டம் பார்த்து, முன்முனையான அணியத்தின் கட்டையையும் பின்கட்டையையும் நிறுத்துவார்கள். பிறகு மொத்த வங்கையும் வரிசையாக நிறுத்துவதில்லை. நடுவில் மூன்று நாலு வங்கு மட்டும் நிற்கும். அவற்றின் மேல் மெல்லிய சட்டங்களை அணியத்திலிருந்து பின்வரை வளைத்து அடித்துவிட்டு, ஓடாவி தள்ளிப் போய் நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சட்டம் எங்காவது தட்டையாகவோ மேடாகவோ தெரிந்தால் வங்கைச் செதுக்க வேண்டும், அல்லது அடியில் சில்லு வைக்க வேண்டும். மீதி வங்குகள் அந்தச் சட்டம் காட்டும் வளைவுக்கே வெட்டப்படும். காகித வரைபடம் செய்கிற வேலையை இங்கே சட்டம் செய்கிறது. இந்த இடத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்தால் படகு ஆயுள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும்.

பலகையை வளைக்க ஒரு பக்கம் ஓலைத் தீ, மறுபக்கம் நனைத்த சாக்கு. தீ காட்டிய பக்கம் உள்வளைவாகும். விட்டதும் பலகை கொஞ்சம் திரும்பி நிமிரும், அதனால் வேண்டிய வளைவைவிடக் கூடுதலாகவே வளைத்துக் கட்டி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுக் கருக்கிவிட்டால் அந்த இடம் மொறமொறப்பாகி ஆணியைப் பிடிக்காது. ஒரே வரியில் இரண்டு பலகை சேரும் மூட்டு, மேல்வரி மூட்டிலிருந்து குறைந்தது மூன்று வங்காவது தள்ளி இருக்க வேண்டும். மூட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் படகு அங்கே மடங்கப் பார்க்கும்.

பலகையும் பலகையும் சேரும் இடத்தை எப்படி இழைப்பது என்பதில்தான் பின்னால் வரும் கலப்பத்தின், அதாவது இடுக்கு அடைப்பின் தலையெழுத்து இருக்கிறது. உள்பக்கம் இரண்டும் முட்ட வேண்டும். வெளிப்பக்கம் ஒரு நூல் திறந்திருக்க வேண்டும். உள்ளே முட்டாவிட்டால் அடிக்கிற பஞ்சு படகுக்குள் வந்து விழும், வெளியே திறக்காவிட்டால் பஞ்சு போகவே போகாது. ஏராவை ஒட்டிய முதல் பலகையைப் பொருத்தத்தான் அதிக நேரம் ஆகும், ஒழுக்கு அதிகம் வருவதும் அங்கேதான்.

கலப்பத்து என்பது இந்த இடுக்குகளை அடைக்கிற வேலை. பருத்திப் பஞ்சை விரல் பருமனுக்குத் தளர்வான திரியாக முறுக்கிக்கொள்ள வேண்டும். பஞ்சுக்கு முன் இடுக்கில் எண்ணெய் தடவ வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. காய்ந்த மரம் பின்னால் மேலே வைக்கிற மக்கில் (பிசின் களிம்பில்) உள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும், மக்கு பொடிந்து உதிரும். திரியை நீளமாக இழுத்து அடிக்கக் கூடாது. சிறு சிறு மடிப்பாக வைத்து, மழுங்கிய கலப்பத்து உளியால் கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) கொண்டு இறக்க வேண்டும். காது முக்கியம். பஞ்சு இளகி இருக்கும்வரை சத்தம் ‘தொப்’ என்று விழும், இறுகியதும் ‘டங்’ என்று மாறும். அந்த இடத்தில் கை நிற்க வேண்டும். பலகைக் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சு, மேலே மிச்சம் மக்கு.

மக்குக்குக் குங்கிலியம் என்ற மரப்பிசின். பொடித்த குங்கிலியம் எடையில் இரண்டு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு என்று தொடங்கலாம். தணலில் உருக்க வேண்டும். நேர்த்தீ பட்டால் சட்டியே பற்றிக்கொள்ளும். ஒரு துளியை நீரில் போட்டு எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பதுதான் பதம். ஒடிந்தால் எண்ணெய் போதாது, விரலில் ஒட்டினால் குங்கிலியம் போதாது. சித்திரை வெயிலில் பிசையும் மக்கு மார்கழியில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் இளக்கமாகவே வைப்பது நல்லது.

இனி, கெட்டிக்காரர்களே செய்யும் தவறு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தீவில் மரத்தாலான விசைப்படகுகள் கரையேறிச் செப்பனிடப்படுவது அப்போதுதான். அது கத்திரி வெயில் காலம். பலகை சுருங்கி, ஒரு நூல் இடுக்கு இரண்டு நூலாகத் தெரியும். அதைப் பார்த்து மிரண்டு பஞ்சைத் திணித்து அடைத்தால், கடலில் இறக்கியதும் பலகை ஊறிப் பெருக்கும், இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளும், வங்கிலிருந்து ஆணியைப் பிடுங்கும். பிறகு வரும் ஒழுக்குக்குக் கலப்பத்து ஆகாது, பலகையையே கழற்ற வேண்டும். கரையேறிய நாளிலேயே ஓலையோ நனைத்த சாக்கோ போட்டு மூடி, பலகை அளவுக்கு மீறிக் காயாமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. இறக்கிய முதல் இரண்டு நாள் தண்ணீர் வருவது சகஜம். ஊறினால் நிற்கும். மூன்றாம் நாளும் இறைக்க வேண்டியிருந்தால், நிற்கும் படகின் அடியோரமாக நீருக்குள் நைசான மரத்தூளைக் கைப்பிடி கைப்பிடியாக விடுங்கள். ஒழுகும் இடுக்கு தூளை உறிஞ்சும், உள்ளே எந்த இடத்தில் தூள் கசிகிறது என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

கடற்புழு வேறு ரகம். குஞ்சாக இருக்கும்போது ஊசிமுனை ஓட்டை வழியே நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, நார் போகிற திக்கில் துளைத்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் பலகை புதுசு மாதிரி இருக்கும். சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், பொந்துச் சத்தம் கேட்கும் இடத்தில் கத்தி முனை உள்ளே போகும். கொட்டலசு ஒட்டினால் வேகம்தான் குறையும், சுரண்டினால் போய்விடும். ஆனால் சுரண்டும்போது எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்து போவதால் அங்கே புழுவுக்குக் கதவு திறக்கிறது. பழைய வைத்தியம் படகைக் கரையேற்றிச் சில நாள் காயப்போட்டு, அடியில் ஓலைத் தீ காட்டி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசுவது. முந்திரிக்கொட்டை எண்ணெய் நன்றாகப் பிடிக்கும். கையில் பட்டால் கொப்பளிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

புழுவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மழைத்தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உப்புத் தண்ணீர் மரத்தைக் காக்கும், நல்ல தண்ணீர் உளுத்துப்போக வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரையில் கிடக்கும் படகுக்குள் தேங்கும் மழைநீரை அன்றன்றைக்கே இறைக்க வேண்டும். இறைத்தபின் கடல்நீர் ஊற்றிக் கழுவி, வங்கு இடுக்குகளில் கல் உப்பைத் தூவுவது நல்லது. வங்கின் அடியில் தண்ணீர் ஓட ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். செதிலும் மணலும் வலைநூலும் அதை அடைத்துக்கொள்ளும். கட்டும்போதே எல்லாத் துவாரங்கள் வழியாகவும் ஒரு கயிற்றைக் கோத்துவிட்டால், வாரம் ஒருமுறை முன்னும் பின்னும் இழுத்தால் போதும்.

ஆணியில் மிச்சம் பிடிப்பது இன்னொரு வழக்கம். கருவேலில் துவர்ப்பு அதிகம், இரும்போடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப்போகும், ஆணியும் இளைக்கும். செம்பு ஆணி நல்லது. ஆனால் பாதி செம்பு, பாதி இரும்பு என்று கலந்து அடிப்பது எல்லாவற்றையும்விட மோசம், கடல்நீரில் செம்பு பக்கத்து இரும்பைத் தின்றுவிடும். ஆணி நீளம் பலகைக் கனத்தைப் போல இரண்டரை மடங்கு, தலை இரண்டு நூல் உள்ளே இறங்கி மேலே மக்கு. ஆணியைவிட மெலிந்த துளை முதலில் போடாமல் கருவேலில் அடித்தால் வங்கு கீறும்.

இப்போது பலரும் கேட்பது, பழைய மரப்படகின் மேல் ஃபைபர் ஒட்டிவிடலாமா என்று. புதுப்படகில், மரம் நன்றாக உலர்ந்த நிலையில் ஒட்டினால் சில காலம் ஓடும். பத்து வருடம் கடலில் ஊறிய பலகையில் ஒட்டினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி ஃபைபரை உப்பவைக்கும். ஆணித்துளை வழியே உள்ளிருந்து தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இறங்கும். வெளியே பெயின்ட் மின்னும், உள்ளே மரம் களியாகிவிடும். தட்டிப் பார்த்தாலும் ஃபைபரின் சத்தம்தான் கேட்கும். அப்படி ஒட்டிய படகை விலைக்கு வாங்கப் போனால் வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே இறங்கி, ஏராவை ஒட்டிய முதல் பலகையில் அணியத்துக்குப் பக்கம், நடுவில், எஞ்சினுக்குக் கீழே என்று இரண்டு பக்கமும் ஆறு இடத்தில் கத்தியை அழுத்திப் பாருங்கள். ஒரு இடத்தில் நாலு நூல் இறங்கினாலும் அது எஞ்சின் விலைக்கு மட்டும் பேச வேண்டிய படகு. கருவேல் வங்கு கெட்டியாக இருந்தால் அதற்கும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். கழற்றி அடுத்த படகில் போடலாம்.