மலைத் தண்ணீர், கோய் குளம், செம்பு

கோய் என்ற அலங்காரக் கெண்டை வளர்ப்பவர்கள் மீன் சோர்ந்தால் உடனே அம்மோனியா பார்ப்பார்கள், நைட்ரைட் பார்ப்பார்கள், இரண்டும் சரியாக இருந்தால் நேராக ஒட்டுண்ணி மருந்துக்குப் போய்விடுவார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் மழைக்காலத்தில் ஒரு குளத்தில் கோய் சோர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் நான் முதலில் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். குளத்துக்கு மேல்பக்கம் தேயிலை இருக்கிறதா? கூரை தகரமா? தேயிலை மருந்திலிருந்து செம்பும் தகரத்திலிருந்து துத்தநாகமும் குளத்துக்கு வரும்.

"லேபில் கொடுத்துப் பார்த்தாச்சு, குடிக்க நல்ல தண்ணீர்னு வந்திருக்கு" என்று பலர் சொல்கிறார்கள். அந்த ரிப்போர்ட் மனிதனுக்கானது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 செம்பை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. துத்தநாகத்துக்கு 5. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீர்வாழ் உயிர்களுக்காகத் தண்ணீரின் கடினத்தன்மையை (கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவை) வைத்து முன்பு போட்ட கணக்கைப் பாருங்கள். கடினத்தன்மை 100 இருக்கும் தண்ணீரில் செம்புக்குக் குறுகிய கால எல்லை 0.013 மில்லிகிராம், கடினத்தன்மை 25 என்றால் அதே எல்லை 0.004க்கும் கீழே இறங்கிவிடுகிறது. எளிதில் பாதிக்கப்படும் உயிர்களையும் சேர்த்துப் பாதுகாக்கப் போட்ட எல்லை அது, கெண்டை இதைவிடத் தாங்கும். 1939ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட கண்ணாடிக் கெண்டையும் நம் கோயும் ஒரே குடும்பம்தான், குளிரையும் கலங்கலையும் பொறுத்துக்கொள்ளும் மீன். ஆனால் குடிநீருக்குப் பாஸ் ஆன தண்ணீரில் அதன் செவுள் புண்ணாக முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரணம் செவுளில்தான் இருக்கிறது. செம்பு அயனி செவுளில் ஒட்டிக்கொண்டு, மீன் தண்ணீரிலிருந்து சோடியத்தை இழுக்கும் வழியை அடைக்கிறது. துத்தநாகம் அதேபோல் கால்சியம் போகும் வழியை அடைக்கிறது. தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் நிறைய இருந்தால் அது செவுளில் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும், உலோகத்துக்கு இடம் குறையும். கார்பனேட் இருந்தால் செம்பு அதோடு சேர்ந்துகொள்ளும், வீரியம் குறையும். சமவெளியில் உப்புத் தண்ணீர் என்று திட்டுகிறார்களே, அந்தக் கடினத்தண்ணீர் இந்த விஷயத்தில் மீனுக்குக் காவல். நம் மலை ஓடைத் தண்ணீரில் அந்தக் காவல் கிடையாது. தேயிலைக்குப் பிடித்த அமில மண், அதன்மேல் விழும் மழை, அதிலிருந்து வடிந்து வரும் கடினத்தன்மை குறைந்த மென்னீர், இந்த மூன்றும் சேர்ந்தால் சமவெளிக் குளத்தில் ஒன்றும் செய்யாத அளவு உலோகம் இங்கே மீனைச் சாய்த்துவிடும். போதாக்குறைக்கு, மென்னீர் குழாயையும் தகரத்தையும் அரித்துத் தானே உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வரும்.

சரி, எங்கிருந்து வருகிறது?

தேயிலையில் பூஞ்சையால் வரும் கொப்புள நோய் 1946ல் தென்னிந்தியாவுக்குள் வந்ததிலிருந்து செம்பு மருந்து இந்த மலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஈர மாதங்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிக்காமல் கொழுந்தைக் காப்பாற்றுவது கஷ்டம், அதனால் அடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சிறு விவசாயிக்குப் பச்சைத் தேயிலை விலையே ஒழுங்காகக் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் அண்ணனிடம், மருந்து அடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். "மழை விட்ட நேரத்துல அடிக்கிறது தம்பி, முன்னாடியே எப்படிச் சொல்றது, டேங்க் கலக்கும்போது ஒரு போன் அடிக்கிறேன்" என்றார். அந்த ஒரு போன் போதும். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் காற்றில் வரும் தூறல் குளத்தில் விழாது. அப்புறம் மண்ணோடு வழிந்து வருவதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். குளத்தின் மேல்கரையில் ஒரு வரப்பு எடுத்து, அதற்கு வெளியே வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சுற்றி விட்டுவிடுங்கள். விலை உயர்ந்த எந்த ஃபில்டரைவிடவும் இதைத்தான் நான் நம்புவேன்.

தகரக் கூரை விஷயத்தில், ஜிஐ ஷீட்டின் மேல்பூச்சு துத்தநாகம். வெயில் காலம் முடிந்து விழும் முதல் மழைதான் அதிகமாகக் கழுவிக்கொண்டு வரும், அதைக் குளத்துக்கு விடாமல் திருப்பிவிட ஒரு டீ ஜாயிண்டும் மூடியும் போதும். பித்தளை வால்வு, செம்புக் குழாய் இருக்கும் வீடுகளில் ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, பிறகு குளத்துக்குத் திறக்க வேண்டும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் எடுக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் நின்றபின் பழுப்பாகும். ஒரு நாள் தொட்டியில் ஏர் பம்ப் ஓடவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்தண்ணீரை எடுங்கள்.

இன்னொன்று நாமே கையால் போடுவது. குளம் பச்சையாகிவிட்டது என்றால் மயில்துத்தம் போடச் சொல்ல ஊரில் யாராவது ஒருவர் இருப்பார். மயில்துத்தம் செம்பு சல்பேட். நம் தண்ணீரில் கோய் இருக்கும் குளத்தில் அதைப் போடவே கூடாது, எவ்வளவு குறைத்துப் போட்டாலும். படிகாரமும் அப்படித்தான், கலங்கலைத் தெளிய வைக்கும், ஆனால் இருக்கும் கொஞ்சக் காரத்தன்மையையும் தின்று பிஹெச்சை இறக்கிவிடும், அமிலத் தண்ணீரில் அலுமினியம் செவுளைக் கெடுக்கும்.

மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது, தரையில் உடம்பை உரசுகிறது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது, செவுளில் கோழை கட்டியிருக்கிறது, அம்மோனியா மட்டும் பூஜ்யம். இப்படி இருந்தால் தீனியை நிறுத்திவிட்டுக் காற்றைக் கூட்டுங்கள். மூலம் தெரிந்த தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள், அதே வெப்பநிலையில். கல்லுப்பு 1000 லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிலோ வரை, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். சோடியத்தை இழக்கும் மீனுக்கு அது நேரடி உதவி, ஃபில்டரில் ஜியோலைட் இருந்தால் மட்டும் முதலில் எடுத்துவிட வேண்டும், உப்பு பட்டால் பிடித்து வைத்த அம்மோனியாவை அது வெளியே விட்டுவிடும். கடையில் வாங்கும் கண்டிஷனரில் வெறும் தயோசல்பேட் இருந்தால் குளோரின் மட்டும்தான் போகும். உலோகத்துக்கு இடிடிஏ போன்ற ஒன்று இருக்க வேண்டும், அதுவும் உலோகத்தைக் கட்டிப்போடும், வெளியே எடுக்காது, எடுப்பதற்குத் தண்ணீர் மாற்றம்தான். ஆக்டிவேட்டட் கார்பன் ஓரளவுக்கு உதவும்.

அம்மோனியாவை ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா தின்னும். செம்பை எதுவும் தின்னாது. வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் வந்த உலோகம் எல்லாம் குளத்திலேயே சேரும். அது அடிச்சேற்றில் படிந்திருந்து, பிஹெச் இறங்கும்போது மறுபடி கரையும். அதனால் மழைக்கு முன்பே சேற்றை எடுத்துவிடுவது நல்லது. அந்தச் சேற்றைக் கேரட் பாத்திக்குப் போடாதீர்கள், ஓடையில் கலக்காத ஒரு மூலையில் குழி எடுத்துப் போடுங்கள்.

நீண்ட நாள் மருந்து கடினத்தன்மைதான். கிளிஞ்சலை உடைத்து வலைப்பையில் கட்டி ஃபில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள், அமிலம் இருக்கும்வரை கரையும், பிஹெச் ஏறினால் தானே மெதுவாகும். கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) ரொம்பக் குறைவாக இருந்தால் சமையல் சோடா, 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், பிஹெச் சட்டென்று ஏறினால் இருக்கும் கொஞ்ச அம்மோனியாவும் விஷமாகிவிடும். சோடா கால்சியம் தராது, கிளிஞ்சல் தரும், இரண்டும் வேண்டும்.

லேபுக்கு அனுப்புவதானால் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள், உலோகப் பரிசோதனைக்கு என்று சொன்னால் உள்ளே நைட்ரிக் அமிலம் சில துளி விட்டுத் தருவார்கள், அதைக் கழுவிவிடக் கூடாது. கடினத்தன்மை, காரத்தன்மை பார்க்க அமிலம் விடாத இன்னொரு பாட்டில் வேண்டும். கொடுக்கும் முன்பே, செம்பை எவ்வளவு குறைந்த அளவு வரை உங்கள் கருவி பிடிக்கும் என்று கேளுங்கள். 0.05 என்று சொன்னால் அந்த லேபில் காசு கட்ட வேண்டாம், "கண்டறியப்படவில்லை" என்று வரும் ரிப்போர்ட் மீனைப் பற்றி எதுவும் சொல்லாது. 0.005க்குக் கீழே பார்க்க முடியும் என்று சொல்லும் லேபில் கொடுங்கள், குளத்தின் மேல்தண்ணீர் ஒரு பாட்டில், மழை பெய்துகொண்டிருக்கும்போது குளத்துக்குள் வரும் தண்ணீர் இன்னொரு பாட்டில்.