"இது என்னைக்கு ஓடுன தண்ணி?" – இதழியல் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்கு

மதுரையில் இதழியல் முதுகலை முடித்துவிட்டு ஒரு செய்தித் தளத்தில் உதவி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு எந்த ஆப் படிக்கணும், எந்த கேமரா வாங்கணும் என்றுதான் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். என் தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மணி நேரத் தேர்வு. வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு வீடியோவைக் கொடுத்து, செய்தியாக்கச் சொன்னார்கள். யானைக்கல் தரைப்பாலத்தை மூழ்கடித்தபடி வைகை ஓடுகிறது. மேலே, 'அணை நிரம்பியது, மதுரை மக்களே உஷார்' என்ற எழுத்து. நான் மளமளவென்று தலைப்புப் போட்டு, விஎன் என்ற எடிட்டிங் ஆப்பில் வெட்டி, குரல் சேர்த்து முதல் ஆளாக முடித்தேன். புறத்தேர்வாளராக வந்தவர் பல வருஷம் நிருபராக இருந்தவர். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்மா, இது என்னைக்கு ஓடுன தண்ணி?"

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அவரே பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையோரம் கட்டிய சுவரும் சாலையும் அதில் இல்லை. அப்படியானால் அதற்கு முந்தைய வெள்ளம். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டதும், அதே காட்சி யூடியூபில் பல வருஷத்துக்கு முன்பே ஏறியிருந்தது தெரிந்தது.

அடுத்து அணை மட்டம். வைகை அணையில் தண்ணீர் தேக்கும் முழு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அன்று காலை மட்டம் 66-ஐக்கூடத் தொடவில்லை. நீர்வளத் துறைக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இன்னொன்றும் சொன்னார்: அணைக்குக் கீழே மஞ்சளாறு, மருதாநதி வழியாகவும் ஆற்றில் தண்ணீர் வரும். அதனால் அணை மட்டத்தை மட்டும் பார்த்து 'வெள்ளமே இல்லை' என்றும் எழுதிவிடக் கூடாது. "ஆத்தோரம் குடியிருக்கவங்க இதை நம்பி நடுராத்திரி புள்ளையத் தூக்கிட்டு ஓடுவாங்கம்மா" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

ஆகவே எடிட்டிங்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தத் துறையிடம் எதைக் கேட்டீர்கள், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்று தாளில் குறித்து வையுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதைத்தான் கேட்பார்கள்.

தட்டச்சையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். போனில் தங்கிலீஷில் அடித்தே பழகியவர்கள் தேர்வறைக் கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் பார்த்துத் திணறினார்கள். 'க'வை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். 'ங'வை அடுத்து 'க' அடித்தாலும் அப்படியே. தினமும் அரை மணி நேரம் அடித்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் படியுங்கள்: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 23. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது. தேர்வில் என் தோழி, குழந்தையின் பெயரை மறைத்து எழுதினாள், ஆனால் தெருவைப் போட்டுவிட்டாள். நம் ஊர்ப்பக்கம் தெருவைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்கு அவளுக்கு மதிப்பெண்ணே இல்லை. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பயிற்சிக்கு வேறெங்கும் தேட வேண்டாம். பொங்கல் சமயத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பெயரில் வருகிற ஜல்லிக்கட்டு வீடியோக்களில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேனரில் இருக்கும் தேதி, மாடுபிடி வீரர்களின் சட்டை, வாடிவாசலுக்குப் பின்னால் தெரியும் கட்டடம் இவற்றை வைத்து ஊரையும் வருஷத்தையும் கண்டுபிடித்துப் பாருங்கள். பத்தில் எத்தனைக்கு உங்களால் ஆதாரத்தோடு பதில் சொல்ல முடிகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.