டீன் தேடும் படலம்

பிப்ரவரி 3

பொறியியல் புலத்துக்குப் புது டீன் தேடும் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். தலைவர், அறிவியல் புலத்தின் டீன். பொறியியல்காரர் யாரைத் தலைவராகப் போட்டாலும் தன் துறைக்கு ஆள் பிடிக்கிறார் என்ற பேச்சு வரும், அதனால் இந்த ஏற்பாடு. சிவிலுக்கு நான். மின்னியல், இயந்திரவியல், கணினி, வேதிப் பொறியியல் ஆகியவற்றிலிருந்து ஆளுக்கொருவர், ஒரு ஆராய்ச்சி மாணவி, அலுவலகக் கண்காணிப்பாளர். ரகசியம் காப்போம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எனவே இங்கே யார் பெயரும் வராது.

முதல் வேலை விளம்பர வாசகம். தொலைநோக்கு, உலகத்தரம், தலைமைப் பண்பு என்று ஒரு மணி நேரம் போனது. "டீன் தினமும் என்ன வேலை பார்க்கணும்னு ஒரு வரி போடலாமே சார்" என்றார் கண்காணிப்பாளர். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வாசகத்தில் அது இடம்பெறவில்லை.

பிப்ரவரி 26

விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. கணினித்துறை நண்பர் எல்லோரையும் ஹெச்-இன்டெக்ஸ் (ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) வரிசையில் அடுக்கி ஓர் அட்டவணை கொண்டுவந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டட விதிமுறைக் குழுக்களில் பல வருடம் உழைத்த ஒரு கட்டமைப்புப் பொறியாளர் அதில் கடைசி வரிசைக்குப் போயிருந்தார். இந்த எண்ணை 2005-இல் முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே, துறைக்குத் துறை இது மாறும் என்று எழுதியிருக்கிறார். அதைச் சொன்னேன். "சரி, ஆனால் ஏதாவது ஒரு அளவுகோல் வேண்டுமே" என்றார் நண்பர். ஏன் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். மணி ஏழரை, விட்டுவிட்டேன்.

மார்ச் 12

பரிந்துரைக் கடிதங்கள். எல்லோரும் அயராத உழைப்பாளிகள், எல்லோரும் அனைவரையும் அரவணைத்துச் செல்பவர்கள். சொல்லாமல் விட்டதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கடிதம் இரண்டு பக்கமும் ஆராய்ச்சியைப் புகழ்ந்துவிட்டு, நிர்வாகத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் அங்கே துறைத்தலைவராக இருந்தவர்.

இன்னொரு சங்கடம்: நம் பொறுப்பு டீனும் விண்ணப்பித்திருக்கிறார். நாளைக்கே என் கோப்பில் அவர் கையெழுத்து வேண்டும். குழுவில் பாதிப் பேருக்கு இதே நிலைதான். அவரை நேர்காணலுக்கு அழைப்பது என்று ஒரு நிமிடத்தில் முடிவானது. தகுதியில் குறையில்லை, ஆனாலும் அந்த வேகம் தகுதியால் வந்ததல்ல.

மார்ச் 29

வீடியோ நேர்காணல்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க நான்தான் வற்புறுத்தினேன்: ஆசிரியர் பணியிடம் ஒன்றுதான் இருக்கிறது. கணினியில் வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. சிவிலில் மாணவர் சேர்க்கை குறைவு, ஆனால் இரண்டு பேர் ஓய்வு பெறுகிறார்கள். யாருக்குக் கொடுப்பீர்கள்?

முதலாமவர் இரு துறைக்கும் பொதுவாக ஒருவரை நியமிப்பேன் என்றார். அப்படி வருபவர் இரண்டு துறைக் கூட்டத்திலும் உட்கார்ந்து, இரண்டு இடத்திலும் பதவி உயர்வுக்கு அல்லாடுவார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? இன்னொருவர் குழு அமைப்பாராம். குழுவில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்கச் சிரிப்பு வந்தது. மூன்றாவதாக வந்த பெண்மணி, "இந்த வருடம் கணினிக்கு. சிவில் துறைத்தலைவரிடம் அன்றைக்கே நேரில் போய்ச் சொல்வேன். ஓய்வு பெறுகிறவர்கள் நடத்தும் பாடங்களை யார் எடுப்பது என்று அவரோடு உட்கார்ந்து பட்டியல் போடுவேன்" என்றார். என் துறைக்கு இல்லை என்கிறார், அவருக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன்.

ஏப்ரல் 16

இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள், காலை முதல் இரவு வரை மனிதர்களைச் சந்திப்பதுதான் வேலை.

முதலாமவரின் பொதுப் பேச்சு முழுக்க ஃபிரெடரிக் டெர்மன். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் டீன் ஆனவர், ஹியூலெட்டும் பேக்கார்டும் அவருடைய மாணவர்கள். அதெல்லாம் சரி. போருக்குப் பின் அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணம் அவர் பின்னால் இருந்தது. நம் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு மாணவர் கேட்டார். பதில் நீளமாக இருந்தது.

அந்தப் பெண்மணியை ஆய்வகம் பார்க்க நான் அழைத்துப்போனேன். வழக்கமாக வருகிறவர்கள் வாசலில் நின்று "அருமை" சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் பொருள்களை இழுத்தும் அமுக்கியும் வலிமை சோதிக்கும் யூ.டி.எம். இயந்திரத்தின் பின்பக்கம் போய், அதன் அளவு சரிபார்த்த காலிப்ரேஷன் சீட்டில் தேதியைக் குனிந்து படித்தார். காலாவதியாகியிருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் தேதி எழுதிக் கிடந்த கான்கிரீட் கட்டிகளைக் (வார்த்து 28-ஆம் நாள் உடைத்து வலிமை பார்ப்பது வழக்கம்) காட்டி, "28-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் யார் உடைப்பது?" என்று டெக்னீஷியனிடம் கேட்டார். அவர் இரண்டு ஆய்வகத்துக்கும் தான் ஒருவர்தான் என்பதில் ஆரம்பித்து, பத்து நிமிடம் பேசினார். அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 25

கருத்துப் படிவங்கள். பெயர் போடாத ஒன்றில், இயந்திரவியல்காரர்களை ஒரு பெண்ணால் கட்டி மேய்க்க முடியுமா என்று எழுதியிருந்தது. 1984-லேயே அமெரிக்காவின் பிராட் கல்வி நிறுவனத்தில் எலினார் பாம் பொறியியல் டீன் ஆகிவிட்டார். எழுதியவருக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. தலைவர் அந்தப் படிவத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

துணைவேந்தர் தரவரிசை வேண்டாம், மூவரின் நிறைகுறை மட்டும் போதும் என்கிறார். முடிவு அவர் கையில் இருக்க வேண்டுமாம். மாணவிக்குக் கோபம்: "அப்ப நாம எதுக்கு?" கடைசியில் வரிசை எண் இல்லாமல்தான் எழுதினோம். ஆனால் ஒருவருக்கு நிறை ஒரு பக்கம், மற்ற இருவருக்கும் அரைப் பக்கம்.

மே 19

அந்தப் பெண்மணிக்கே அழைப்பு போயிருக்கிறது. சம்பளம் உடனே முடிந்துவிட்டதாம். இழுபறி வேறு இடத்தில்: மூன்று வருடத்துக்கான பணியிடங்கள், ஆய்வகச் சீரமைப்புக்கான தொகை, புலத்தின் கட்டடங்களில் யாருக்கு எந்த அறை என்று சொல்லும் உரிமை. மூன்றையும் எழுத்தில் கேட்டிருக்கிறார். பணியிடமும் தொகையும் கொஞ்சம் வெட்டுப்பட்டுக் கிடைத்தன. அறை விஷயத்தில் நிர்வாகம் இன்னும் இறங்கி வரவில்லை.

ஜூன் 6

அறிவித்துவிட்டார்கள். ஆகஸ்டில் சேர்கிறார். அறை உரிமையும் கடிதத்தில் இருக்கிறதாம். பொறுப்பு டீன் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினார், கோப்பு மட்டும் இன்னும் மேஜையில் கிடக்கிறது.

இன்று துறைத்தலைவர்களுக்கு அவரிடமிருந்து முதல் மின்னஞ்சல்: அடுத்த ஐந்து வருடத்தில் ஓய்வு பெறுகிறவர்கள், அவர்கள் எடுக்கும் பாடங்கள், ஆய்வகக் கருவிகளின் காலிப்ரேஷன் தேதிகள். எங்கள் துறைத்தலைவர் பட்டியலை வைத்துக்கொண்டு, எதைச் சொல்வது எதை விடுவது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். யூ.டி.எம். தேதியை மறைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.